ஊர் பார்த்தவன் ஏகாம்பரம், மிஷின் பார்த்தவன் நான்

பொருட்காட்சியில் சாமான் விற்பது என்பது, வாங்கவே கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வருகிறவனுக்குக் காலையிலிருந்து விளக்கு வைக்கிற வரை அந்தச் சாமானையே காட்டிக்கொண்டிருப்பது. கொட்டகையில் நின்று கால் வீங்கியவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் சும்மா படித்துவிட்டுப் போகட்டும்.

திண்டிவனத்தில் ஓர் இரும்புப் பட்டறையில் நான் மேஸ்திரி. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு முந்திய காலம். கையால் சுற்றுகிற மல்லாட்டை மிஷின் ஒன்று செய்தேன்; நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பேர். மேலே தொட்டியில் காய்ந்த மல்லாட்டையைக் கொட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் தொலி உடையும். பருப்பு முழுசாகச் சல்லடை வழியே கீழே விழும். சொல்வதற்கு இவ்வளவுதான். அந்தச் சல்லடைக் கண் சரியாக அமைவதற்குள் பதினான்கு சல்லடை பாழ்.

எங்கள் பக்கத்தில் அப்போது மல்லாட்டையைத் தண்ணீர் தெளித்து ஊற வைத்துத்தான் உடைப்பார்கள். தொலி மெதுவாகிவிடும், விரல் நோகாது. ஆனால் பருப்பில் ஈரம் ஏறும். கப்பலில் போவதற்குள் பூசணம் பிடிக்கும். கடலூர் வியாபாரிகள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பார்கள். அந்த ஈரத்தை ஒழிக்கத்தான் என் மிஷின்.

முதலாளி மிஷினை இரண்டு சுற்று சுற்றி வந்தார். "மேஸ்திரி, ஒரு வருஷம் டைம். காட்சிங்களுக்கு எடுத்துக்கினு போங்க. பத்து மிஷினுக்கு ஆர்டர் புடிச்சா பட்டறை இதைச் செய்யும். இல்லேன்னா இதை உடைச்சி வண்டிச் சக்கரத்துப் பட்டைக்குப் போட்டுடுவேன்" என்றார். எனக்குப் பேச வராது என்று தன் மச்சான் ஏகாம்பரத்தைக் கூட அனுப்பினார். ஜரிகை அங்கவஸ்திரம், முகத்தில் பவுடர், வாய் நிறைய வெற்றிலை. எந்த ஊரில் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தான். மிஷினைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை.

மெட்ராஸில் மூன்று நாள்

எழும்பூரில் இறங்கினோம். "மேஸ்திரி, நீங்க கொட்டாயைப் பாத்துக்கோங்க. ஜனங்க எந்தப் பக்கம் போறாங்கன்னு நான் பாத்துக்கினு வர்றேன்" என்று ஏகாம்பரம் போனான். ஜனங்கள் போன பக்கமெல்லாம் போனான். முதல் நாள் உயிர் காலேஜ். மறுநாள் செத்த காலேஜ். மிருகங்களை உயிரோடு ஒரு தரம், பஞ்சு அடைத்து ஒரு தரம் பார்க்க வேண்டுமாம். மூன்றாம் நாள் டிராம் வண்டியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நாலு தடவை. சாயங்காலம் வந்து புலி கொட்டாவி விட்டதை எனக்கு விட்டுக் காட்டினான். நான் சல்லடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மெட்ராஸ்காரர்களுக்கு மல்லாட்டை மரத்தில் காய்க்கிறதா, மண்ணுக்குள் காய்க்கிறதா என்று தெரியாது. மிஷினைப் பார்க்கவில்லை. கீழே விழுகிற பருப்பைப் பார்த்தார்கள். ஒரு கை அள்ளுவார்கள், போவார்கள். ராட்டினம் ஏறி இறங்கிவிட்டு வந்து இன்னொரு கை. மூன்று நாளில் இரண்டு மூட்டைப் பருப்பைத் தின்றே தீர்த்தார்கள். கடைசி நாள், கோட்டும் தலைப்பாகையுமாக ஒரு பெரியவர் ஐந்தாவது தடவையாக வந்தார். வக்கீலாக இருக்க வேண்டும். இவராவது வாங்குவார் என்று எழுந்து நின்றேன். மென்றுகொண்டே மிஷினைத் தட்டிக் கொடுத்தார்.

"எல்லாம் பேஷ். பச்சையா தின்னா பித்தம் ஓய். பக்கத்துல ஒரு அடுப்பு வச்சு வறுத்துப் போட ஏற்பாடு பண்ணும்."

சாவடியில் நடந்த காட்சி

அடுத்தது புதுச்சேரி. பிரெஞ்சுக்காரன் ஊரைப் பார்க்காமல் செத்தால் கட்டை வேகாது என்றான் ஏகாம்பரம். இடம் பிடிக்கிறேன் என்று முதல் பஸ்ஸில் போய்விட்டான். மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு நான் பின்னால் போனேன். எல்லையில் சுங்கச் சாவடிக்காரர் நிறுத்தினார். இது என்ன என்றார். சொன்னேன். திரும்பி வரும்போது இதே மிஷின்தான் வருகிறது என்று எப்படித் தெரியும் என்றார். இந்த உலகத்தில் இது ஒன்றுதான் இருக்கிறது என்றேன். அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஓடுற மிஷின்னு எழுதணுமா, ஓடாத மிஷின்னு எழுதணுமா? ஓட்டிக் காட்டு" என்றார். ஓட்டினேன். உட்கார்ந்து பார்த்தார். ஆள் அனுப்பித் தன் வீட்டிலிருந்து ஒரு மூட்டை வரவழைத்தார். "நாலு பிடியில என்ன தெரியும்? சரியாப் பார்த்துத்தான் எழுதணும்." பிறகு அவர் மாமனார் வீட்டு மூட்டை இரண்டு. மறுநாள் சாவடிச் சேவகன் கொழுந்தியாள் வீட்டு மூட்டை. இரண்டு நாள் அந்தப் புளியமரத்தடியில் அவர்கள் குடும்பத்து வெள்ளாமை முழுவதையும் உடைத்துக் கொடுத்தேன். தோள்பட்டை கழன்றது. கடைசியில் சீட்டு எழுதி, மை காய ஊதி, என் கையில் கொடுத்தார். அதே நேரத்துக்கு எதிர்ப்பக்கத்து பஸ்ஸிலிருந்து ஏகாம்பரம் இறங்கினான். தலையில் ஒரு பிரெஞ்சுத் தொப்பி. சாவடிக்காரர் அவனையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"தாராளமாப் போகலாம். ஆனா காட்சி நேத்தே முடிஞ்சிட்டுதாமே?"

அமாவாசைக் கூட்டம்

மேல்மலையனூரில் காட்சி எதுவும் இல்லை. அமாவாசைக்கு அம்மன் கோயிலில் கூட்டம் வரும், கூட்டம் இருக்கிற இடத்தில் வியாபாரம் இருக்கும் என்பது ஏகாம்பரத்தின் கண்டுபிடிப்பு. கொண்டுபோய் நிறுத்தியதும் கடை வீதி சுற்றப் போய்விட்டான். புதுச் சாமானாக இருக்கிறதே என்று ஒரு அம்மாள் மிஷினுக்குக் குங்குமம் வைத்தாள். சரி என்று இருந்தேன். நான் குனிந்திருந்த நேரம் பார்த்து ஓர் எலுமிச்சம்பழத்தைத் தொட்டிக்குள் போட்டாள். வண்டிச் சக்கரத்துக்கு வைக்கிற மாதிரி நினைத்தாள் போலிருக்கிறது. நான் சுற்றிவிட்டேன். சல்லடை முழுக்கச் சாறும் கொட்டையும். பதினைந்தாவது சல்லடை! வாய்க்கு வந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் புருஷன் கையைக் காட்டி நிறுத்தினான். எனக்குக் கிடைத்த முதல் ஆர்டர் அவன் கொடுத்தது. கொடுத்த காரணமும் அவனே சொன்னான்.

"எலுமிச்சம்பழத்தையே இந்த மிதி மிதிக்குதே, மல்லாட்டையைச் சும்மா வுடுமா?"

எங்கள் ஊரில் பார்க்க என்ன இருக்கிறது

திண்டிவனத்திலேயே மாட்டுச் சந்தையை ஒட்டி ஒரு விவசாயக் காட்சி வைத்தார்கள். பக்கத்துக் கொட்டகையில் எண்ணெய் இஞ்சின் விற்க மெட்ராஸிலிருந்து ஒரு ஆள். வந்த அன்றே, "உங்க ஊர்ல பார்க்க என்ன சார் இருக்கு?" என்றான். இன்னொரு ஏகாம்பரம். ஒன்றும் இல்லை என்றேன். விடவில்லை. ஏதாவது இருக்கும், கூட்டிக்கொண்டு போங்கள் என்று பிராணனை வாங்கினான். நல்ல கோபத்தில் அவனை மல்லாட்டை மண்டிக்கு இழுத்துப் போனேன். பார் அய்யா, நன்றாகப் பார், இதுதான் எங்கள் ஊர்.

மண்டிக் களத்தில் நாற்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து ஊறிய மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனை கையும் ஒரே ஓட்டம். அந்த ஆள் வாயைப் பிளந்து நின்றான். "இவ்வளவு பேரு வேலையை உங்க மிஷின் செய்யுமா சார்?" என்று உரக்கக் கேட்டுத் தொலைத்தான். களம் நின்றது. வரிசைக்குத் தலைமை அஞ்சலை என்கிற பெண். நாற்பது வயது இருக்கும். அவள் பிடித்த மூட்டையில் ஒரு பருப்பு உடையாது என்று மண்டிக்காரரே சொல்வார். கையை உதறிக்கொண்டு எழுந்தாள். மண்டிக்காரர் உள்ளேயிருந்து வந்து, அந்த மிஷினை ஒரு நாள் பார்க்கிறேன் மேஸ்திரி என்றார். அவர் உள்ளே போகிற வரை அஞ்சலை காத்திருந்தாள்.

"மேஸ்திரியாரே, எங்க வாயில மண்ணைப் போடத்தானா ஊர் ஊரா இந்தச் சொமை சொமந்துக்கினு திரியறீங்க? இங்கியே ஒரு கூடை மண்ணைக் கொட்டியிருந்தா அலைச்சல் மிச்சமாயிருக்குமே."

ஊறிய மூட்டை

வருஷத்தின் கடைசிக் காட்சி விழுப்புரத்தில். எனக்கு அதுவரை மேல்மலையனூர்க்காரன் ஒன்று, அவன் சொல்லி அவன் பங்காளி ஒன்று என்று இரண்டே ஆர்டர். முதலாளி வண்டிப் பட்டைக்கு இரும்பு கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார் என்று பட்டறையிலிருந்து சேதி வந்தது.

இரண்டாம் நாள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெரிய குடித்தனக்காரர் வந்தார். நல்ல மனிதர். மிஷினைத் தொட்டுப் பார்த்தார், சல்லடையைத் தடவினார், பருப்பைக் கடித்துப் பார்த்துத் துப்பினார். வாங்குகிறவன் லட்சணம் அது. "நாளைக்கு என் காட்டு மல்லாட்டையைக் கொண்டாறேன். அதுல ஓடிச்சின்னா எனக்கு ஒண்ணு, எங்க ஊருக்கு நாலு" என்றார். மறுநாள் பஸ் கூரையில் மூட்டையோடு வந்தார். மேலே காய்ந்துதான் இருந்தது. தொட்டியில் கவிழ்த்தேன். அரை நிமிஷம் ஓடியது. அப்புறம் கைப்பிடி கனத்தது. சல்லடையில் சட்னி.

மூட்டையின் அடியில் கையை விட்டேன். சொதசொத என்று இருந்தது. மிஷினுக்குப் போகிற மல்லாட்டை ஆயிற்றே என்று அவர் சம்சாரம் முதல் நாளே தண்ணீர் தெளித்துக் கட்டி அனுப்பியிருக்கிறாள். மேலே இருந்தது பஸ் வெயிலில் காய்ந்துவிட்டது. அய்யா, காய்ந்ததைத்தான் போட வேண்டும் என்று நேற்றே நூறு தரம் சொன்னேனே என்று கத்தினேன். அவருக்கும் கோபம் வந்தது. அன்று முதல் எவன் மூட்டை கொண்டுவந்தாலும் அடிவரை கையை விட்டுப் பார்க்காமல் தொட்டியில் கொட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். ஏகாம்பரத்துக்கும் சொன்னேன். அவன் அப்போது செஞ்சிக் கோட்டை பார்த்துவிட்டு வந்து முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டிருந்தான். குடித்தனக்காரர் மூட்டையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

"காஞ்சதை உடைக்க மிஷின் எதுக்குய்யா? ஊற வச்சி உடைக்கிற வேலை இருக்குதே, அதுக்கில்ல மிஷின் கேக்குறோம்!"

இஞ்சின் திரும்பியபோது

கடைசி நாள். பெண்கள் அன்றைக்கு டிக்கெட் வாங்காமலே உள்ளே வரலாம். திண்டிவனம் மண்டிக்காரர் சாயங்காலம் நாலு மணிக்கு முதலாளியோடு வருவதாகச் சொல்லியனுப்பினார். மண்டியிலிருந்து ஒரு மூட்டை முன்கூட்டியே வந்து இறங்கும். அதில் ஓடினால் எட்டு மிஷின். இரண்டும் எட்டும் பத்து. மத்தியானம் வரை மிஷினை விட்டு நகரவில்லை. எண்ணெய் போட்டேன், துடைத்தேன், மறுபடியும் எண்ணெய் போட்டேன். ஏகாம்பரத்துக்கே பொறுக்கவில்லை. "மேஸ்திரி, ஒரு வருஷமா ஒரு ஊரைக்கூட நீங்க பாக்கல. ஒரு மணி நேரம் போயிட்டு வாங்க. நான் கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்" என்றான். போயிருக்கக் கூடாது. போனேன்.

டாக்கி கொட்டகைக்கும் போகவில்லை, ராட்டினத்துக்கும் போகவில்லை. நேரே ரயில்வே ஜங்ஷன். அங்கே இஞ்சினைத் திருப்புகிற வட்ட மேடை இருக்கிறது. பள்ளத்துக்குள் ஒரு பாலம், அதைத் தாங்கிச் சுழல நடுவில் ஒரே ஒரு குடுமி. இஞ்சின் மெல்ல ஏறி நின்றது. டிரைவர் அரை அடி முன்னே, கால் அடி பின்னே என்று நகர்த்திக் கனத்தை நடுவில் கொண்டுவந்தார். இரண்டே ஆள் கம்பில் தோளைக் கொடுத்துத் தள்ளினார்கள். அவ்வளவு இரும்பும் சத்தமில்லாமல் திரும்பியது. என் கைப்பிடி ஏன் கனக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. இன்னொரு இஞ்சின் வரும் என்றார்கள். நின்றேன். அதுவும் திரும்பியது. நிமிர்ந்து ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தால் மூன்றே முக்கால்.

ஓடினேன். கொட்டகையைச் சுற்றிக் கூட்டம். மண்டிக்காரர் ரயிலுக்கு நேரமாகிறது என்று முன்னாலேயே வந்துவிட்டார். மூட்டையும் வந்துவிட்டது. மண்டியில் உடைக்கப் போகிற மூட்டை எதுவானாலும் காலையில் தண்ணீர் தெளிப்பது அங்கே வழக்கம். கை தானாகச் செய்கிற வேலை. இதற்கும் தெளித்திருக்கிறார்கள். வழி வெயிலில் மேலாகக் காய்ந்திருக்கிறது. அடிவரை கையை விடச் சொன்னேனே? அங்கவஸ்திரம் அழுக்காகிவிடும் என்று ஏகாம்பரம் விடவில்லை. மேலிருந்து இரண்டு முறம் போட்டிருக்கிறான், ஜோராக ஓடியிருக்கிறது. அந்தத் தைரியத்தில் மூட்டையோடு தூக்கித் தொட்டியில் கவிழ்க்கப் போனான். நான் கூட்டத்துக்கு வெளியே இருந்தேன். கத்தினேன். மேளச் சத்தத்தில் எவனுக்கும் கேட்கவில்லை.

மூட்டைக்குக் குறுக்கே ஒரு கை விழுந்தது. அஞ்சலை. டிக்கெட் இல்லாத நாளாச்சே என்று மண்டிப் பெண்களோடு வந்திருந்தவள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு ஒரு பிடி எடுத்தாள். பிசைந்தாள். ஏகாம்பரத்தின் மூக்குக்கு நேரே நீட்டினாள். "யோவ் ஜரிகைக்காரரே, அடியெல்லாம் ஈரம். இதைப் போட்டா கூழாயிடும். காஞ்சது இல்லியா ஒங்கிட்ட?" மேஜைக்கு அடியில் நான் கட்டி வைத்திருந்த காய்ந்த மூட்டையை அவளே இழுத்து, அதிலும் கையை விட்டுப் பார்த்து, தொட்டியில் கொட்டினாள். கைப்பிடியையும் அவளே சுற்றினாள். பருப்பு முத்து மாதிரி விழுந்தது. மண்டிக்காரர் ஒரு முறத்தில் ஏந்தி ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடைசல் இல்லை. நான் உள்ளே நுழைந்தபோது பேச்சு முடிந்துவிட்டது. முதலாளி முகமெல்லாம் பல்.

"என்னா மேஸ்திரி, எட்டும் புடிச்சாச்சி! நம்ம ஏகாம்பரம் எவ்ளோ ஜல்தியா முடிச்சிட்டான் பாத்தீங்களா?"

மண்டிக் களத்தில்

அடுத்த வெள்ளாமைக்கு எட்டு மிஷினையும் மண்டியில் நிறுத்த நான்தான் போனேன். கைப்பிடி கனம் குறைந்திருந்தது. ஜங்ஷனில் பார்த்ததை வைத்துக் கனத்தை நடுவுக்குக் கொண்டுவந்திருந்தேன். மிஷினுக்கு இரண்டு பெண்கள், எட்டுக்குப் பதினாறு. மற்ற இருபத்துநாலு பேர் வாசலில் நின்று பார்த்தார்கள். சிலர் இடுப்பில் பிள்ளை. மண்டிக்காரர் கேட்டை மூடச் சொன்னார். எனக்கு யார் மேல் கோபம் என்று தெரியவில்லை. போல்ட்டை முறுக்கிய முறுக்கில் மரை போனது.

அஞ்சலை மூன்றாவது மிஷினில் நின்றாள். தொட்டியில் கொட்டுவதற்கு முன்னால் மூட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள். மற்றவர்களையும் அப்படிப் பார்க்க வைத்தாள். கிட்டே போனேன். வருஷம் பூராவும் மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். அன்றைக்கு நீ வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் மிஷின் அங்கேயே பாழாகியிருக்கும், நாற்பது பேரும் இங்கேயே வேலையில் உட்கார்ந்திருப்பீர்கள், ஏன் தடுத்தாய் என்றேன். சுற்றுகிறதை நிறுத்தாமல் வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

"ஒங்க மிஷினுக்காவவா தடுத்தேன்? அது பாழாப் போவட்டும். ஒரு மூட்டைப் பருப்பு கண்ணெதிர்ல கூழாப் போவுது, பாத்துக்கினு எப்டி நிக்கிறது? கை போயிட்டுது மேஸ்திரியாரே, யோசிக்கறதுக்குள்ள கை போயிட்டுது."

ஒரு வருஷம் ஊர் ஊராக அலைந்ததில் ஏகாம்பரம் எல்லா ஊரையும் பார்த்தான், நான் இஞ்சின் இரண்டு தரம் திரும்பியதைப் பார்த்தேன், எங்கள் இருவருக்கும் சேர்த்து மிஷினை விற்றுக் கொடுத்தவள் அதை வேண்டவே வேண்டாம் என்றவள்.